நவம்பர் 17-க்கு விடுமுறை வேண்டும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். செக் நாட்டிலும் ஸ்லோவாக்கியாவிலும் நவம்பர் 17, சுதந்திரத்துக்கும் ஜனநாயகத்துக்குமான போராட்ட நாள். அதற்கு விடுமுறை தேவையா என்பதுதான் வழக்கு. தேவை என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் சொன்னார்: "லீவு விட்டால் மக்கள் தூங்குவார்கள், கடைக்குப் போவார்கள். பள்ளியில் ஒரு பாடம் நடத்தினால் போதும்." ஸ்லோவாக்கிய அரசும் பட்ஜெட் பற்றாக்குறையைச் சொல்லி 2025-இல் அதை வேலைநாளாக்கிவிட்டது.

ஐயா, அது எப்படிப்பட்ட நாள்? அதன் கதை 1939 அக்டோபர் 28-இல் தொடங்குகிறது. நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்து ப்ராக் நகரில் மக்கள் திரண்டார்கள். யான் ஓப்லெதால் என்ற மருத்துவ மாணவர் சுடப்பட்டு, நவம்பர் 11-இல் உயிரிழந்தார். அவருடைய இறுதி ஊர்வலமே போராட்டமானது. நவம்பர் 17-இல் நாஜிகள் மாணவர் விடுதிகளில் புகுந்தார்கள். 9 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 1,200-க்கும் மேற்பட்ட மாணவர்களைச் சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். செக் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும் இழுத்துப் பூட்டினார்கள்.

இப்போது 1989-க்கு வாருங்கள். செக், ஸ்லோவாக்கியா இரண்டும் செக்கோஸ்லோவாக்கியா என்ற ஒரே நாடு. கம்யூனிஸ்ட் ஆட்சி. எதிர்த்துக் கூட்டம் போட்டால் தடியடி. அந்த ஆட்சியில் மாணவர்கள் ஊர்வலம் போக அனுமதி எப்படிக் கிடைத்தது? ஓப்லெதாலின் 50-ஆம் ஆண்டு அஞ்சலி என்பதால் கிடைத்தது! நாஜிகளுக்குப் பலியானவர்களுக்கு அஞ்சலி செலுத்த வேண்டாம் என்று அந்த ஆட்சியால் எப்படிச் சொல்ல முடியும்? ப்ராக் நகரின் அல்பெர்தோவ் பகுதியில் கூடினார்கள், விஷெஹ்ராத் குன்றுக்குப் போனார்கள், மெழுகுவத்தியோடு நரோத்னி வீதிக்கு வந்தார்கள். "எங்கள் கைகள் வெறுங்கைகள்" என்று முழங்கியவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. ஆறே வாரம். டிசம்பர் 29-இல், அந்த ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்ற எழுத்தாளர் வாக்லாவ் ஹாவெல் ஜனாதிபதி!

நடுவர் அவர்களே, ஒரு நினைவுநாள்தான் அந்தப் புரட்சிக்கு வாசல் திறந்தது. அந்த நாளையா செலவுக் கணக்கில் எழுதுவது?

பாடம் நடத்தலாம் என்றார்கள். தாராளமாக நடத்துங்கள். ஆனால் அது பிள்ளைகளுக்கு மட்டும்தானே போய்ச் சேரும்? அதே 1989 நவம்பர் 27-இல் நண்பகல் முதல் இரண்டு மணி நேரம் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தார்களே, தொழிற்சாலைத் தொழிலாளர்கள், அவர்களுக்கும் அதில் பங்கு இல்லையா? இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தவர்களின் வெற்றியை, இயந்திரத்தின் முன் நின்றபடியே கொண்டாடு என்கிறீர்கள்.

சிலர் தூங்கட்டும் ஐயா. நரோத்னி வீதியில் மெழுகுவத்தி ஏற்றப் பிள்ளையோடு வர நினைக்கும் ஒரு தொழிலாளிக்கு, முதலாளியிடம் கெஞ்சாமல் அந்த நாள் கிடைக்க வேண்டும். அதற்குத்தான் எங்கள் அணி தீர்ப்புக் கேட்கிறது. நன்றி.