ஆத்துக்கு இந்தப் பக்கம் 12 மாசம், அந்தப் பக்கம் 60 மாசம்

வணக்கம் மக்களே! காத்து பிச்சு எடுக்குது, குரல் கேக்குதான்னு தெரியல. எரன்பர்க்ல நிக்கிறேன், அரிசோனாவோட எல்லை ஊரு. பின்னாடி ஓடுறது கொலராடோ ஆறு. பாலத்தைத் தாண்டினா பிளைத், கலிஃபோர்னியா. அங்க செக்போஸ்ட்ல பழம் இருக்கான்னு கேப்பாங்க. அதான் கையில இருக்கற ஆரஞ்சை இங்கயே உரிச்சுத் தின்னுக்கிட்டே பேசுறேன், மன்னிச்சுக்கோங்க.

பிள்ளைங்க இருக்கற ஏழைக் குடும்பத்துக்கு மாசாமாசம் அரசாங்கம் பணம் குடுக்குதுல்ல, அதை டானஃப்னு சொல்வாங்க. 1996-ல கிளிண்டன் கையெழுத்துப் போட்ட சட்டம். மத்திய அரசுப் பணத்துல வாழ்நாளுக்கே மொத்தம் 60 மாசம். அதையும் குறைக்கணும்னா மாநிலம் குறைச்சுக்கலாம்.

அரிசோனா விடுமா? 2010-ல 36, அடுத்த வருஷமே 24, 2016-ல 12! பட்ஜெட்ல துண்டு விழுந்தப்பல்லாம் இதுலதான் கை வச்சாங்க. நிபந்தனையோட நீட்டிப்புன்னு ஒண்ணு அப்புறம் வந்துச்சு. கலிஃபோர்னியாவும் 2011-ல 48-க்கு இறக்குச்சு, ஆனா 2022-ல திரும்ப 60 ஆக்கிடுச்சு. எனக்கு மாசக் கணக்கை விட இன்னொண்ணுதான் பெருசாப் படுது. அங்க அம்மாவோட மாசம் தீந்தாலும் பிள்ளைங்க பங்கு வந்துக்கிட்டே இருக்கும். இங்க குடும்பத்துக்கே நிறுத்திடுவாங்க.

அப்ப ஆத்தைத் தாண்டிப் போயிட்டா புதுக்கணக்கான்னு கேப்பீங்க. அதெல்லாம் இல்ல. இங்க வாங்கின மாசமும் அந்த 60-ல கழியும்.

நியூயார்க் தனிக் கதை. இல்லாதவங்களுக்கு உதவணும்னு 1938-லயே மாநில அரசியல் சட்டத்துல எழுதிட்டாங்க. 60 முடிஞ்சும் கஷ்டத்துல இருந்தா மாநிலத் திட்டத்துக்கு மாத்திக்கலாம்.

எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு அண்ணன், "அரிசோனாக்காரன் சுறுசுறுப்பு, சீக்கிரம் வேலைக்குப் போயிடறான், கலிஃபோர்னியாக்காரன் உக்காந்து தின்றான்"னு எழுதியிருந்தாரு. அண்ணே, பன்னெண்டாவது மாசம் கதவைச் சாத்திட்டா பதிமூணாவது மாசம் உள்ள யாருண்ணே இருப்பா? வெளிய போனவங்களுக்கு வேலை கெடச்சுதா, அக்கா வீட்டு சோஃபால பிள்ளைங்களோட படுத்துக் கெடக்காங்களா, அதை எந்த மாசக் கணக்குல பாக்கறது?

சரி, ஆரஞ்சு தீந்துடுச்சு. தோலைக் குப்பையில போட்டுட்டு பாலம் ஏறுறேன்.