பல்லவிக்குத் திரும்பும் சபை
(இலங்கை மலையகத்தின் ஹட்டனில் பாடகர் குழுக்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பாடகர் குழுக்களைச் சேர்ந்த தம்பி தங்கைகளே,

நம்பிக்கையைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நான் பாட்டைப் பற்றியே பேசப்போகிறேன். நம்பிக்கை வந்த பிறகுதான் மனிதன் பாடுகிறான் என்று பொதுவாக எண்ணுகிறோம். மலையகத்துத் திருச்சபையின் வரலாற்றைப் பார்த்தால் பாதிப் பேருக்கு அது நேர்மாறாகவே நடந்திருக்கிறது. முதலில் பாட்டு வந்தது, அதைப் பாடிப் பாடித்தான் அதிலுள்ள பொருளை நம்புகிற மனம் வந்தது.

தோட்டங்களில் கோப்பி பயிரிட்ட காலத்திலேயே, 1854ஆம் ஆண்டில், ஆங்கிலிக்கத் திருச்சபையின் சி.எம்.எஸ். என்ற மிஷனரி சங்கம் தோட்டத் தமிழருக்கென ஒரு தனி ஊழியத்தைத் தொடங்கியது. திருநெல்வேலிச் சபைகளிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். அவர்கள் பேச்சைக் கேட்க வந்தவர்களுள் மிகப் பலருக்கு எழுத்து தெரியாது. விடியற்காலையில் ஆளெண்ணி வேலை பிரிக்கும் பெரட்டிலிருந்து பொழுது சாயும்வரை மலையில் நின்றவர்களிடம் நீண்ட உபதேசத்தைக் கேட்கும் தெம்பும் இருந்திருக்காது. அத்தகைய சபைக்குக் கீர்த்தனை என்ற வடிவம் எவ்வளவு பொருத்தமானது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு காலத்துத் தமிழ்ச் சபையார் ஜெர்மானிய மெட்டுகளில்தான் ஞானப்பாட்டுகளைப் பாடினார்கள். அவற்றின் வழிவந்த பாமாலைகளை இன்றும் விரும்பிப் பாடுகிறோம். ஆனால் அவற்றைப் பாடப் புத்தகம் வேண்டும். அடிக்கு அடி சொல் மாறும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரோ (1774–1864) கீர்த்தனை, கும்மி, குறவஞ்சி என்று மக்கள் வாயில் ஏற்கெனவே இருந்த வடிவங்களுக்குள் வேதத்தை வைத்தார். அவரும் அவர் வழிவந்தோரும் எழுதிய கீர்த்தனைகளில் பல்லவி உண்டு, அனுபல்லவி உண்டு, சரணங்கள் உண்டு. எழுத்தறிந்த ஒருவர் சரணத்தை எடுத்துக் கொடுத்தால் போதும். மற்றவர்கள் பல்லவியை மட்டும் மனத்தில் வைத்திருந்தால், ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் உள்ளே வந்துவிடலாம். ஐந்து சரணமுள்ள பாட்டில் ஒரு வரியும் வாசிக்கத் தெரியாத தாய் ஐந்து முறைக்குமேல் தன் குரலைச் சபையின் குரலோடு சேர்த்திருப்பாள்.

இந்த அமைப்புக்குள்ளேயே நம்பிக்கையின் இலக்கணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. சரணம் ஒவ்வொன்றும் வேறு வேறு கதை சொல்லும்: பாவம், நோய், பகைவர், மரணம், தனிமை. பல்லவி மாறுவதில்லை. எவ்வளவு தூரம் துயரத்துக்குள் போனாலும் பாட்டு பல்லவிக்கே திரும்பியாக வேண்டும். அந்தத் திருப்பத்தைத் தனியாள் செய்வதில்லை, சபை செய்கிறது. சரணம் பாடுகிறவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டாலும் பல்லவி நிற்காது.

துக்க வீட்டில் இதைக் கண்ணால் காணலாம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தின் வாசலில் தறப்பாள் கட்டி, வாங்குகளை இரவல் வாங்கிப் போட்டு, தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு இரவு முழுவதும் பாடுகிறோம். இறந்தவரின் மனைவி முதலில் பாடமாட்டார். ஒப்பாரிதான் வாயில் வரும். யாரும் அவரைப் பாடச் சொல்வதும் இல்லை. பக்கத்தில் இருக்கும் பெண்கள் அவர் தோளைப் பிடித்தபடியே பல்லவியைத் தாழ்ந்த குரலில் எடுப்பார்கள். நள்ளிரவு தாண்டிய ஏதோ ஒரு பாட்டில், சொற்கள் இல்லாமல் வெறும் இராகமாக, அவர் குரலும் அதில் சேரும். அந்த நேரத்தில் அவர் நம்புகிறாரா என்று கேட்பது வீண் கேள்வி. அவருக்காக மற்றவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர் அதன்மேல் சாய்ந்திருக்கிறார். சபை என்று நாம் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்த இறையியல் நூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

வேதாகமத்தின் பாட்டுப் புத்தகமும் இப்படித்தான் இருக்கிறது. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறைப்பாடுகள். 13ஆம் சங்கீதத்தில் ஆறே வசனங்கள், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்கி, முதல் இரண்டு வசனங்களுக்குள் நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறான் பாடகன். கேட்டு முடித்த பிறகே "கர்த்தரைப் பாடுவேன்" என்ற கடைசி வரிக்கு வருகிறான். 88ஆம் சங்கீதமோ அப்படியும் வருவதில்லை; இருளிலேயே முடிகிறது. அதையும் நீக்கிவிடாமல் இஸ்ரவேலர் தங்கள் ஆராதனைப் பாட்டுகளோடு வைத்திருந்தார்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்போது நம் சபைகளில் பெருகிவரும் பாட்டுகளில் வெற்றி உண்டு, ஆசீர்வாதம் உண்டு, முறைப்பாடு அநேகமாக இல்லை. புதிய பாட்டு என்பதற்காக நான் குறை சொல்லவில்லை. சாஸ்திரியார் பாட்டும் ஒரு காலத்தில் புதிய பாட்டுதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள்மேல் மலை சரிந்து விழுந்ததே, அப்படியொரு வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையில் எந்தப் பாட்டை எடுப்பீர்கள் என்பதுதான் என் கேள்வி. "எதுவரைக்கும்" என்று கேட்கப் பழகாத சபை அன்றைக்கு ஒன்றில் வாயடைத்து நிற்கும், அல்லது பொய் பாடும்.

நம்முடைய முன்னோருக்கு அந்தக் கேள்வி பழகியிருந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரை எண்ணிப் பங்கிட்டது. அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம் என்று குடும்பங்கள் பிரிந்து, மலையிலிருந்து கோச்சியில் (ரயிலில்) தலைமன்னாருக்கும் அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் போனார்கள். நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் குடியேறியவர்கள் அங்கும் தேயிலை மலைக்கே போனார்கள். அங்குள்ள சபைகளிலும் இதே கீர்த்தனைகளைத்தான் கேட்டார்கள். கடவுச்சீட்டு கேட்காமல் கடல் தாண்டிய சொத்து அது ஒன்றுதான்.

பாட்டு ஏழையை அடங்கியிருக்கப் பழக்குகிறது என்று நம் இளைஞர் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. நாட்கூலி 1,000 ரூபா என்பதற்கே எத்தனை ஆண்டு போராட வேண்டியிருந்தது என்பதை இங்குள்ள எல்லோரும் அறிவோம். ஆயினும் இயேசுவின் தாய் மரியாளின் பாட்டை அவர்கள் ஒருமுறை வாசிக்க வேண்டும். "பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார். பசியுள்ளவர்களை நன்மைகளினால் நிரப்பி, ஐசுவரியமுள்ளவர்களை வெறுமையாய் அனுப்பிவிட்டார்." ஆங்கிலிக்க மாலை ஆராதனை முறையில் இந்தப் பாட்டுக்கு நிலையான இடம் உண்டு. நுவரெலியாவிலும் டிக்கோயாவிலும் தங்கள் கற்கோயில்களில் வெள்ளைக்காரத் துரைமார்களும் இதைத்தான் ஆங்கிலத்தில் பாடியிருப்பார்கள். என்ன பாடுகிறோம் என்று அவர்கள் கவனித்தார்களா என்பது வேறு விஷயம். தாழ்த்தப்பட்டவன் தன் உயர்வைப் பாடத் தொடங்கினால், அவன் அடங்கியிருக்கப் பழகவில்லை என்றே பொருள்.

பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலையில் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடியபோது, மற்றக் கைதிகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் தனியாகக் குறிப்பிடுகிறது. பூமியதிர்ச்சி வந்தது அதற்குப் பிறகுதான். லயத்தில் குடியிருந்தவருக்கு இந்த வசனத்தை விளக்கத் தேவையில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காமிரா (அறை) ஒன்றில் குடும்ப ஜெபம் நடந்தால், அடுத்த காமிராவுக்கும் அது கேட்கும். மாரியம்மன் திருவிழாவில் முன்னால் நிற்கும் அயலவரும், நத்தார் (கிறிஸ்மஸ்) காலத்தில் பஜனைக் குழு வாசலுக்கு வரும்போது பல்லவியைச் சரியாகச் சேர்ந்து பாடுவது நம் தோட்டங்களில் புதுமையல்ல. நாம் பாடுவதை நாம் மட்டும் கேட்பதில்லை. ஆகையால் பொய் பாடக் கூடாது.

பாடகர் குழுக்களிடம் சில வேண்டுகோள்கள். கீபோர்ட் வாசிப்பவருக்கு வசதியான சுருதியில் பாட்டைத் தொடங்காதீர்கள். ஆறு நாள் கொழுந்துக் கூடை சுமந்த தாய்மாரின் குரல் எட்டுகிற சுருதியில் தொடங்குங்கள். சரணத்தை ஒருவர் மைக்கில் பாடட்டும், பல்லவி வரும்போது மைக்கை விட்டு விலகி நில்லுங்கள். சபையின் சத்தம் சபைக்கே கேட்க வேண்டும். மாதத்தில் ஓர் ஆராதனையிலாவது ஒரு முறைப்பாட்டுச் சங்கீதத்தை, கடைசி வரிக்குத் தாவிவிடாமல், முதல் கேள்வியிலிருந்தே முழுவதுமாகப் பாடுங்கள். மெட்டு இல்லாவிட்டால் நீங்களே போடுங்கள். 13ஆம் சங்கீதத்தில் தொடங்கலாம். "எதுவரைக்கும்" என்பதைப் பல்லவியாக வைத்தால், புத்தகம் இல்லாதவர்களும் முதல் சரணத்தின் முடிவிலேயே சேர்ந்துகொள்வார்கள்.