உப்புத்தண்ணி போர்வெல், மொட்டைமாடி வெயில், 3 லிட்டர் நல்ல தண்ணி

வணக்கம் மக்களே! பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போர் தண்ணில டி.டி.எஸ். மீட்டர (கரைஞ்சிருக்கற உப்பு லிட்டருக்கு எத்தன மில்லிகிராம்னு காட்டறது) விட்டா, பல இடத்துல 2000-ஐ தாண்டி நிக்கும். குடிக்க 500-க்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லன்னா 2000 வரைக்கும்னு இந்தியக் குடிநீர் தரம் ஐ.எஸ். 10500 சொல்லுது. கொதிக்க வெச்சு ஆறவெச்சா உப்பு போகாது. ஆவியாக்கிப் புடிக்கணும்.

அதுக்குத்தான் இந்த சோலார் ஸ்டில் பெட்டி. வெயில்ல தண்ணி ஆவியாகி, மேல இருக்கற கண்ணாடியோட உள்பக்கம் படிஞ்சு வடியும், உப்பு கீழயே நின்னுடும். உள்ளளவு 1 மீட்டருக்கு 1 மீட்டர். வெளிய பிளைவுட், உள்ள கருப்பு பெயிண்ட் அடிச்ச ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) தகடு, நடுவுல தெர்மாகோல். முன்சுவர் 10 செ.மீ., பின்சுவர் 33. அப்பதான் 4 மி.மீ. கண்ணாடி 13 டிகிரி சாஞ்சு தெற்கப் பார்க்கும். வடியற தண்ணிய வாங்க, முன்பக்கம் ஜன்னலுக்குப் போடற அலுமினிய சேனல்.

தண்ணி 2 செ.மீ. போதும், அதாவது 20 லிட்டர். நிறைய ஊத்தினா சூடேறவே மத்தியானம் ஆயிடும். சுத்தமா வத்தவும் விடாதீங்க, தகடு காஞ்சு தெர்மாகோல் உருகிடும்.

கேமராவ கிட்ட கொண்டுவரேன். இந்தப் பக்கம் தண்ணி படலமா வழுக்கி இறங்குது. இந்த மூலையில முத்து முத்தா நிக்குது... பாருங்க, பொட்டுன்னு உப்புத்தண்ணியிலேயே விழுந்துடுச்சு. கைபட்ட எண்ணெய்ப் பிசுக்குதான் காரணம். மாட்டறதுக்கு முன்னாடி சோப்பு போட்டுத் தேய்ங்க, உள்பக்கம் விரல் படக்கூடாது. பிளாஸ்டிக் ஷீட் போட்டா மொத்தமும் இப்படித்தான் கொட்டும்.

அடுத்தது ஓரம். கண்ணாடிய ஒட்டற சிலிக்கான் பசைல ஊசி ஓட்டை இருந்தாலும் ஆவி வெளியேறி தண்ணி குறைஞ்சிடும். மீன்தொட்டி சிலிக்கானே வாங்குங்க. முதல் நாலஞ்சு நாள் தண்ணில பெயிண்ட் வாடை அடிக்கும், கீழ ஊத்திடுங்க.

தினம் விடியக்காலையில 8 லிட்டர் ஊத்துங்க, ஓவர்ஃப்ளோ குழாய் வழியா பழைய உப்பு வெளியேறும். சோம்பல்பட்டா தகட்டுல வெள்ளையா உப்பு பூத்து, வெயில் அப்படியே திரும்பிப் போயிடும்.

நல்ல வெயில்ல 3 லிட்டர், மூட்டம் போட்டா 1 கூட தேறாது. குடும்பத்துக்கு 20 லிட்டர் வேணும்னா இத கட்டாதீங்க! ஒரு லிட்டர் ஆவியாக 0.65 யூனிட் வெப்பம் வேணும். அதுக்கு ஆர்.ஓ.தான் சரி, வீட்டு ஆர்.ஓ. பம்புக்கு லிட்டருக்கு அதுல நூத்துல ஒரு பங்கு கரண்ட் கூட ஆகாது, 100 வாட் சோலார் பேனல் போதும்.

வடிஞ்சது 3 பங்கு, 2000 டி.டி.எஸ். போர் தண்ணி 1 பங்கு கலந்தா 500 வரும். ஆனா தோல் பதனிடற ஷெட்டுக்குப் பக்கத்து போர்னா, அங்க தோலுக்குப் போடற குரோமியம் தண்ணில இருக்கான்னு லேப்ல பார்க்காம கலக்காதீங்க. மீட்டர் எவ்வளவுன்னுதான் காட்டும், என்னன்னு காட்டாது.