பள்ளிக்கூடத்து மணி அடித்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் பாரிமுனையைச் சுற்றியுள்ள தெருக்களை இரவு பத்து மணிக்கு மேல் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைக்காரர்கள் ஷட்டரை இழுத்துப் பூட்டியதும் வாசல்படியில் பாய் விரியும். பிராட்வே, வால்டாக்ஸ் சாலைப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பிளாட்பாரத்திலேயே குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பலரிடம் ரேஷன் கார்டு உண்டு, ஓட்டும் உண்டு. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் என்ற முறையில்தான் பேச வந்திருக்கிறேன்.

இந்தப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதுதான் பெரும்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை, டிசி வரவில்லை என்று எட்டாம் வகுப்பு வரைக்கும் ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. நடுவில் நின்றுபோன பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பிலேயே உட்கார வைத்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். புத்தகம், சீருடை, பஸ் பாஸ், மதியச் சாப்பாடு எல்லாம் அரசே தருகிறது. 2022-இல் காலை உணவும் வந்தது. நடைபாதையில் அடுப்பு மூட்டுகிற தாய்க்கு அது எவ்வளவு பெரிய ஒத்தாசை என்பதை நேரில் பார்த்தால்தான் புரியும். ஆனால் ஐந்தாம் வகுப்போடு அது நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போனதும் காலையில் பசிக்காதா என்ன?

சரி, சேர்ந்தாயிற்று. சாயங்காலம் மணி அடிக்கிறது. அதற்குப் பிறகு?

புத்தகப் பையையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சாமான் மொத்தத்தையும் தார்ப்பாயில் சுருட்டி, ரோட்டோரக் கம்பியில் கட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். ஆக்கிரமிப்பு அகற்றுகிறோம் என்று லாரி வந்தால் மூட்டையோடு பையும் போகும். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி நாலைந்து நாள் வரவில்லை. கேட்டனுப்பினால், "பை லாரில போய்ட்ச்சு மிஸ், நோட்டு இல்லாம வந்தா திட்டுவாங்க" என்றாள். அன்றைக்குப் பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்து கொடுத்தோம். மழைக்காலத்தில் அந்தத் தட்டில் இடம் போதாது.

குளிக்கக் கட்டணக் கழிப்பறை. படிக்கத் தெருவிளக்கு. வயசுக்கு வந்த பெண்பிள்ளைக்கு ராத்திரி தூக்கமே கிடையாது, தாய் விழித்திருந்தால்தான் அவள் கண் அசரும். மறுநாள் முதல் பாடவேளையில் அவள் தூங்கினால் நாம் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைக்கிறோம்.

வீடில்லாதவர்கள் தங்கக் காப்பகங்கள் இருக்கின்றனவே என்பீர்கள். நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொன்னது. ஆனால் காப்பகங்களில் பெரும்பாலும் ஆண்கள் ஓரிடம், பெண்கள் ஓரிடம். குடும்பத்தைப் பிரித்துக்கொண்டு போக யார் சம்மதிப்பார்கள்?

வீடு கொடுத்தாலும் சிக்கல் தீருவதில்லை. கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே இடம் தருகிறார்கள். நடுக்கல்வியாண்டில் மூட்டை கட்டச் சொன்னால், பத்தாம் வகுப்புப் பையன் வடசென்னைப் பள்ளிக்கு விடிகாலையில் பஸ் ஏற வேண்டும். இரண்டு மாதம் தாக்குப்பிடிப்பான், பிறகு மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போய்விடுவான். அமெரிக்காவில் 1987-இல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டம் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது. இன்றைய வடிவில் அது, வீடிழந்த பிள்ளை எங்கே ஒதுங்கினாலும் பழைய பள்ளியிலேயே படிக்கலாம், போக்குவரத்துக்கும் வழி செய்ய வேண்டும் என்கிறது. இந்தப் பிள்ளைகளைக் கவனிக்கவே பள்ளி மாவட்டந்தோறும் பொறுப்பாளர் ஒருவர் உண்டு. அங்கேயும் குறைகள் இருக்கும். ஆனாலும் யாரைப் போய்க் கேட்பது என்றாவது தாய்க்குத் தெரியும். நம்முடைய சட்டமோ 14 வயதோடு கையை விட்டுவிடுகிறது. அந்த வயதில்தான் பையன்கள் நழுவுகிறார்கள்.

நோட்டும் பேனாவும் வாங்கித் தருகிற நல்ல மனசுக்காரர்கள் நிறையப் பேர். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் கேட்பது வேறு. அந்தந்த வட்டாரத்துப் பள்ளிக் கட்டடம் சாயங்காலத்தோடு பூட்டப்படுகிறது. அதில் இரண்டு வகுப்பறைகளை ராத்திரி ஒன்பது மணி வரை திறந்து வையுங்கள். விளக்கு, மின்விசிறி, பையை வைத்துப் பூட்ட ஒரு பெட்டி, தண்ணீர் வருகிற கழிப்பறை, பொறுப்புக்கு ஒரு பெண் ஊழியர். புதுக் கட்டடம் தேவையில்லை. பெற்றோரும் ஆசிரியரும் இருக்கிற பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டு மேலே அனுப்பலாம், வார்டு கவுன்சிலர் கரண்ட் பில்லுக்கும் அந்த ஊழியரின் சம்பளத்துக்கும் வழி கேட்கலாம். அடுத்த குழுக் கூட்டம் என்றைக்கு என்று உங்கள் தெருப் பள்ளியில் விசாரித்துப் பாருங்கள்.

வணக்கம்.