தார்ப்பாயைச் சனிக்கிழமை நாலு மணிக்குச் சுருட்டுங்கள்

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் வெளுத்து வாங்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் எதிரணி அண்ணன் அவர்களே, கையில் கிரீஸ் காயாமல் வந்திருக்கும் வண்டிப் பைத்தியங்களே, வணக்கம்!

தலைப்பு என்ன? அமெரிக்காவின் பழைய மோட்டார் சைக்கிள் சந்தைகளுக்கு நாளும் நேரமும் குறிக்கும்போது யாரை முதலில் பார்ப்பது: கடை போடுகிறவரையா, வார நாளெல்லாம் வேலைக்குப் போய்விட்டுச் சரக்கு வாங்க வருகிறவரையா? அண்ணன் கடைக்காரர் கட்சி. நான் வேலைக்குப் போகிறவர் கட்சி.

அண்ணன் மூன்று குண்டு போட்டார். முதல் குண்டு: கடைக்காரர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஆயிரம் மைல் வருகிறார், ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடு சேர வேண்டும், அதனால் வியாழன் தொடங்கிச் சனி மதியம் சுருட்டுவதுதான் நியாயம். இரண்டாவது: நல்ல சரக்கெல்லாம் வியாழக்கிழமையே கைமாறிவிடுகிறது, சனிக்கிழமை வருகிறவன் வேடிக்கை பார்க்க வருகிறவன். மூன்றாவது: ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தால் ஈதான் ஓட்ட வேண்டும்.

மூன்றாவது குண்டை இப்போதே ஏற்றுக்கொள்கிறேன். பந்தயமும் சந்தையும் சேர்ந்து நடக்கும் இடங்களில் ஞாயிறு ஓடும். ஒஹையோவின் மிட்-ஒஹையோ பந்தயத்தடத்தில் ஜூலை மாதம் நடக்கும் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் நாட்களில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் ஓடுகின்றன. பந்தயம் பார்க்க வந்தவர் அப்படியே சந்தைக்குள்ளும் நுழைவார். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் சனி-ஞாயிறுதான். ஆனால் அது சின்ன நாடு, கடை கட்டிய ராத்திரியே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். வெறும் உதிரிபாகச் சந்தைக்கு அமெரிக்காவில் ஞாயிறு தேறாது. அதை எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா. எனக்குச் சனிக்கிழமை முழுதாக வேண்டும், அவ்வளவுதான்!

இப்போது இரண்டாவது குண்டு. வியாழக்கிழமை யார் வாங்குகிறார்கள்? டிரெய்லர் கதவு திறந்ததும், இருட்டோடு இருட்டாக டார்ச் அடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்கிறவர் பெரும்பாலும் பக்கத்துக் கடைக்காரர். பந்திக்கு முந்து என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 400 டாலருக்கு வாங்கிய கார்பரேட்டரை அதே வரிசையில் பத்துக் கடை தள்ளி 550 என்று அட்டை எழுதி வைப்பார். வியாபாரம் நடந்ததா? நடந்தது. சந்தைக்குள் புதுப் பணம் வந்ததா? வரவில்லை. ஒரே பணம் ஒரே தார்ப்பாய்க்கு அடியில் சுற்றுகிறது. அந்தக் கார்பரேட்டரைக் கடைசியில் ஒரு எஞ்சினில் மாட்டப்போகிறவர், வெள்ளிக்கிழமை மாலைவரை ஏதோ ஒரு தொழிற்சாலையிலோ ஒர்க்‌ஷாப்பிலோ நிற்கிறார். அவர் வாசலைத் தாண்டி உள்ளே வந்தால்தான் வெளிப்பணம் வரும்.

வியாழக்கிழமைப் பேரத்தைத் தடுக்கச் சொல்லவில்லை. தடுக்கவும் முடியாது. அபூர்வமான சரக்கு போகட்டும். வேலைக்குப் போகிறவர் தேடுவது 1911 மாடலின் டேங்க் இல்லை. அவருக்கு வேண்டியது ராக்கர் ஆர்ம் புஷ், ஸ்போக் நிப்பிள், டேங்க் மூடி, சரியான மரையில் நாலு போல்ட். இவை வியாழக்கிழமை தீர்ந்துபோகிற பொருள்கள் இல்லை. சனிக்கிழமை கடை திறந்திருந்தால் போதும், கிடைக்கும்.

வேடிக்கை பார்க்க வருகிறவர் என்றாரே அண்ணன், அவருக்கு வயது என்ன என்று பார்ப்போமா? அமெரிக்கப் பழைய மோட்டார் சைக்கிள் மன்றம் 1954-இல் தொடங்கியது. 35 வயது நிறைந்த வண்டி அவர்கள் கணக்கில் பழைய வண்டி. அந்தக் கோடு வருடா வருடம் நகர்கிறது. 1969-இல் வந்த ஹோண்டா சிபி750, 2004-இல் உள்ளே வந்தது. 1985-இல் வந்த சுஸுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750, 2020-இல் உள்ளே வந்தது. 1985-இல் அந்தச் சுஸுகியின் படத்தைச் சுவரில் ஒட்டிய 15 வயதுப் பையன் பிறந்தது 1970. அவருக்கு முழு ஓய்வூதியம் 67 வயதில், அதாவது 2037-இல். அதுவரை அவருக்கு வியாழக்கிழமை என்பது வேலை நாள். இண்டியன் சீஃப் மாதிரி அந்தக்கால வண்டி தேடும் தாத்தாக்களுக்காகப் போட்ட கால அட்டவணையை வைத்துக்கொண்டு இந்த வாடிக்கையாளரை எப்படிப் பிடிப்பீர்கள்?

லீவு போட்டு வரட்டுமே என்பீர்கள். அமெரிக்காவில் தனியார் முதலாளி சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை. மணிக்கு 30 டாலர் வாங்குகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாழன், வெள்ளி இரண்டு நாள், 16 மணி நேரம், 480 டாலர் போச்சு. அது உங்கள் மேசைக்கு வர வேண்டிய 480 டாலர் அண்ணா!

சரி, முதல் குண்டு. இதுதான் கனமானது. கடைக்காரரின் பயணம். இதைச் சிரித்துக் கடக்க முடியாது, கணக்குப் போட்டுத்தான் கடக்க வேண்டும்.

அயோவாவின் டேவன்போர்ட் சந்தையை எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன மன்றத்தின் சீஃப் பிளாக்ஹாக் கிளை நடத்துவது; தொழிலாளர் தின வாரக்கடைசியை ஒட்டி, வியாழன் முதல் சனி வரை என்பது அதன் பழக்கம். அங்கிருந்து பென்சில்வேனியாவின் ஓலி பக்கம் திரும்புகிற கடைக்காரருக்கு ஏறத்தாழ 900 மைல். டிரெய்லரோடு மணிக்கு 60 மைல் என்றால் 15 மணி நேர ஓட்டம். ஒரே மூச்சில் ஆகாது. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த எடைத் தகுதி 10,001 பவுண்டோ அதற்கு மேலோ இருந்து, மாநிலம் தாண்டி வியாபாரத்துக்காக ஓடினால், ஓட்டும் நேரச் சட்டமும் அவரைப் பிடிக்கும். பத்து மணி நேர ஓய்வுக்குப் பிறகு 11 மணி நேரம் ஓட்டலாம். அதுவும் வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள். கடையில் நின்ற நேரமும் அந்த 14-இல் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

காலை ஆறு மணிக்குக் கடை விரித்தவருக்கு இரவு எட்டோடு ஸ்டியரிங் முடிந்தது. பன்னிரண்டுக்குச் சுருட்டி இரண்டுக்குக் கிளம்பினால் ஆறு மணி நேரம் ஓடும், 360 மைல். மீதி 540 மைலை ஞாயிற்றுக்கிழமை முடிப்பார். நாலு மணிக்குச் சுருட்டி ஆறுக்குக் கிளம்பினால் 120 மைல்தான். அதைவிட அங்கேயே தூங்கி எழுந்து, ஞாயிறு 660 மைல், திங்கள் 240 மைல் ஓட்டலாம். அந்தத் திங்கள் என்ன நாள்? தொழிலாளர் தினம், செப்டம்பரின் முதல் திங்கள், நாடு முழுவதும் விடுமுறை. நான் கேட்கிற நாலு மணி நேரத்துக்குக் கடைக்காரர் கொடுக்கிற விலை ஒரு விடுமுறை நாள் காலை. ஏப்ரலிலோ ஜூலையிலோ விடுமுறை ஒட்டாத வாரத்தில் வைத்தால் இந்தக் கணக்கு இடிக்கும், மறைக்கவில்லை. அதனால்தான் நாளைக் குறிக்கும் முதல் வேலையே நீண்ட வாரக்கடைசி தேடுவது என்கிறேன்.

சனிக்கிழமை மதியம் சுருட்டுவதால் என்ன கெடுகிறது? பதினோரு மணிக்கு ஒருவர் தார்ப்பாயை இறக்குவார். பக்கத்துக் கடைக்காரர் பார்ப்பார், கூட்டம் போய்விட்டது போலிருக்கிறதே என்று அவரும் இறக்குவார். அரை மணியில் வரிசையே காலி. வாசலில் காசு கொடுத்து அப்போதுதான் உள்ளே வந்தவர் திரும்பிப் போய் நாலு பேரிடம் சொல்வார், அடுத்த வருடம் ஐந்து பேரும் வரமாட்டார்கள். அப்புறம் ‘சனிக்கிழமை கூட்டமே இல்லை’ என்று நாமே புலம்புவோம்.

இன்னொரு கேடு, அவசர வியாபாரம். அவசரத்துக்கு அண்டாவில்கூடக் கை நுழையாது. 1970-க்கு முந்தைய ஹார்லி-டேவிட்சனில் ஃப்ரேமில் எண் இருக்காது, எஞ்சினின் கீழ் உறையான கிராங்க்கேஸில்தான் இருக்கும். அந்தக் கேஸை வாங்குகிறவர் அதைப் புரட்டிப்போட்டு, அடியில் இரண்டு பாதியிலும் குத்தியிருக்கும் பெல்லி நம்பர் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். மேல் எண்ணைத் தேய்த்து மறுபடி குத்தியிருக்கிறதா, மவுண்ட் காதில் வெல்டிங் தெரிகிறதா, பேரிங் உட்காரும் இடத்தில் விரிசல் ஓடுகிறதா என்று துடைத்துப் பார்க்க வேண்டும். அரை மணி நேர வேலை. போல்ட் விஷயம் இன்னும் மோசம். பழைய அமெரிக்க வண்டிகளில் கால் அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 24 மரை வரும். இன்றைய கடையில் கிடைப்பது 20 அல்லது 28. கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். மரை அளவியை வைத்துப் பார்க்காமல் வாங்கிப்போய் முறுக்கினால் கேஸின் மரை போய்விடும். கடைக்காரர் பெட்டியை மூடிக்கொண்டே விற்கும்போது இதையெல்லாம் எங்கே பார்ப்பது? தப்பான சரக்கு வீட்டுக்குப் போகும், கெட்ட பெயர் கடைக்கு வரும்.

அதனால் எங்கள் அணி சொல்லும் அட்டவணை இது. வியாழன் மதியத்திலிருந்து டிரெய்லர்கள் உள்ளே. வெள்ளி மதியம் 12 முதல் இரவு 7 வரை பொதுச் சந்தை. ஆகஸ்டுக் கடைசியில் டேவன்போர்டில் ஏழரை வாக்கில்தான் பொழுது சாய்கிறது, விளக்குச் செலவு இல்லை. காலை ஷிஃப்ட் முடித்து மூன்றரைக்கு வெளியே வருகிறவர் ஒரு நாள் சம்பளமும் இழக்காமல் இரண்டு மணி நேரம் சுற்றலாம். காலை ஒன்பதுக்குத் திறந்து ஐந்துக்கு மூடும் வெள்ளிக்கிழமையால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. சனி காலை 7 முதல் மாலை 4 வரை. வண்டிகளுக்கு மதிப்பெண் போடும் நிகழ்ச்சியை வெள்ளிக்கே தள்ளுங்கள். அது சனி காலையில் இருந்தால், மதிப்பெண் போடப் போகிற கடைக்காரரின் கடையில் ஆள் இருக்காது.

வியாழன் மதியம் வாசலில் நெரிசல் ஆகாதா? ஆகும், திட்டமில்லாவிட்டால். 400 டிரெய்லர், ஒன்றுக்கு இரண்டு நிமிடம், ஒரே வாசல் என்றால் 13 மணி 20 நிமிடம். வரிசை எண் அச்சடித்த சீட்டை முன்கூட்டியே தபாலில் அனுப்பி, ஒன்றுக்கு ஒரு நிமிடம், இரண்டு வாசல் என்று வைத்தால் 3 மணி 20 நிமிடத்தில் முடியும்.

நாலு மணிவரை கடைக்காரரை எப்படி நிறுத்துவது? இடவாடகையோடு 100 டாலர் வைப்புத்தொகை வாங்குங்கள். சனி நாலு மணிக்கு வரிசைப் பொறுப்பாளர் கடைக்கே வந்து திருப்பித் தரட்டும். விற்றுத் தீர்ந்தவர் காலி மேசையைக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பலாம். ஆனால் பணத்தைவிட வலுவான பூட்டு ஒன்று இருக்கிறது: நாலு மணிக்கு முன்னால் எந்த வண்டியும் நடைவரிசைக்குள் வரக்கூடாது. குழந்தை குட்டிகளோடு ஜனம் நடக்கிற இடத்தில் டிரெய்லர் பின்னால் வந்தால் ஆபத்து. அந்த ஒரு விதியே பாதிப் பேரை நிறுத்தும். மழை கொட்டினால்? புல்தரையில் டிரெய்லர் புதைவதற்கு முன்னால் சுருட்டத்தான் வேண்டும். ஆனால் அதை அறிவிப்பது குழுவின் ஒலிபெருக்கியாக மட்டும் இருக்கட்டும், வானத்தைப் பார்த்து ஆளாளுக்கு முடிவெடுக்கக்கூடாது.

தேதியை ஜனவரிக்குள் சொல்லிவிட வேண்டும். பல தொழிற்சாலைகளில் ஆண்டுத் தொடக்கத்திலேயே லீவு கேட்டு வைக்க வேண்டியிருக்கிறது. ‘தொழிலாளர் தினத்துக்கு முந்தைய வெள்ளி, சனி’ என்று விதியாகவே வைத்தால் அறிவிப்பே தேவையில்லை. வசந்தகாலச் சந்தை வைக்கிறவர்கள் ஈஸ்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வந்து உட்காரும். மே மாதம் இரண்டாவது ஞாயிறு அன்னையர் தினம். அந்தச் சனிக்கிழமை துருப்பிடித்த சைலன்சர் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிப்பாருங்கள்!

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, ஒரே ஒரு நிமிடம். முழு வண்டி கைமாறும்போது ஒஹையோவிலும் பென்சில்வேனியாவிலும் வண்டி யாருடையது என்று காட்டும் டைட்டில் பத்திரத்தில் விற்பவர் போடும் கையெழுத்துக்கு நோட்டரி சாட்சி வேண்டும். சனிக்கிழமையைப் பெரிய நாளாக ஆக்கினால், மதியத்துக்கு மேல் வெளியே அலுவலகம் தேடிப் போய் நிற்க முடியாது. அதனால் அந்த மாநிலங்களில் குழுவின் கூடாரத்திலேயே ஒரு நோட்டரியை உட்கார வையுங்கள், நாலு மணிவரை. முத்திரையை மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.