சம்பளம் கேட்ட காக்கு

நடுவருக்கும் அவைக்கும் வணக்கம். மணி அடிக்க ஆள் தயாராக இருக்கிறார், நேரே விஷயத்துக்கு வருகிறேன். 'மும்பை வாழ்வில் அக்கம்பக்கத்தார் துணையா, தொல்லையா?' துணையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டார். "சர்க்கரை கேட்டு வருவார்கள், சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போவார்கள்" என்றார். அரங்கமே அதிர்ந்தது. அதனால் அவர் சொன்ன மற்ற எதற்கும் நான் பதில் சொல்லப் போவதில்லை. இந்த ஒரு வரி போதும்.

நான் பிறந்து வளர்ந்தது தாராவி. கீழே எங்கள் கோலி, அதாவது ஒற்றை அறை வீடு. மேலே ரத்னகிரிப் பக்கத்து அம்மா ஒருவர், சந்துக்கே அவர் காக்கு, மராத்தியில் சித்தி. நடுவில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. காக்கு கேட்காத கேள்வியே கிடையாது அண்ணே! அப்பாவுக்கு எந்த ஷிப்ட், சம்பளம் எவ்வளவு, அதில் ஊருக்கு எவ்வளவு போகிறது, பாட்டிக்கு எந்தக் கால் வராது, மாத்திரை எந்த டப்பாவில், ரேஷன் கார்டு எங்கே. எங்கள் அம்மா எத்தனையோ நாள் பல்லைக் கடித்திருக்கிறாள்.

2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நாள் நகரின் தென்கோடியில், கொலாபாவில் 73தான். அந்தத் தெற்கே, கோட்டைப் பக்கம் வேலையில் இருந்த அப்பாவுக்கு இங்கே வீடு மூழ்குவது தெரியவே தெரியாது. ரயில் நின்றுவிட்டது. என்னைக் கூப்பிட வந்த அம்மா என்னோடு பள்ளிக்கூடத்திலேயே மாட்டிக்கொண்டாள். வீட்டில் பாட்டி மட்டும். கட்டிலை விட்டு இறங்க முடியாத பாட்டி. மித்தி ஆறு சந்துக்குள் வந்துவிட்டது.

சந்தில் அவனவன் டிவியைத் தூக்கி மேலே வைக்கிறான். எங்கள் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே ஓர் உயிர் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? சம்பளம் கேட்டாளே, அவளுக்குத் தெரியும்! சந்துப் பையன்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு காக்கு தண்ணீரில் இறங்கினாள். போர்வையைத் தூளி மாதிரி கட்டி, பாட்டியை அதில் வைத்து, ஏணி வரை கொண்டுவந்தாயிற்று. அங்கே பாட்டி ஏணியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். "எம் பொட்டி இல்லாம நா ஏற மாட்டேன், பாத்துக்கோ!"

காக்குவுக்குத் தமிழ் தெரியாது. பாட்டிக்கு மராத்தி தெரியாது. "சல் ஆஜி, சல்!", வா பாட்டி வா என்று அவள் கத்துகிறாள். "பொட்டி, பொட்டி!" என்று இவள் கத்துகிறாள். தண்ணீர் ஏறுகிறது. பாட்டியை மேலே தள்ளி ஏற்றிவிட்டு, காக்கு மறுபடியும் இறங்கினாள் அண்ணே. ஏன் இறங்கினாள்? ரேஷன் கார்டு அந்தத் தகரப் பெட்டியில்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதையும் அவள் ஒருநாள் கேட்டு வைத்திருந்தாள்!

இதைப் பாட்டி சொல்லிக் கேட்க வேண்டும். முதல் வருஷம் தண்ணீர் இடுப்பளவு. மறு வருஷம் மார்பளவு. கடைசியில் காக்கு பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் வந்தாள். கதையில் தண்ணீர் ஏறலாம், தப்பில்லை. பெட்டி வந்தது நிஜம். உள்ளே வெற்றிலை, தாத்தா போட்டோ, கார்டு, மூன்றும் நனையாமல் இருந்தன.

அமெரிக்காவில் சிகாகோவில் 1995 ஜூலையில் வெயில் கொன்றது 700 பேருக்கு மேல். செத்தவர்களில் நிறையப் பேர் தனியாக வசித்த முதியவர்கள். எரிக் கிளைனன்பர்க் என்ற சமூகவியலாளர் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு ஏழைப் பகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். கடையும் தெரு நடமாட்டமுமாக இருந்த பகுதியில் சாவு மிகக் குறைவு. கதவைத் தட்டிக் கேள்வி கேட்க ஆள் இருந்தால் உயிர் தங்குகிறது அண்ணே, சிகாகோவிலும் சரி, தாராவியிலும் சரி.

"சொசைட்டி வாட்சப் குழு இருக்கிறதே" என்பார்கள். பார்க்கிங் சண்டைக்கு அது போதும். பாட்டிக்கு எந்தக் கால் வராது என்று அந்தக் குழுவில் யாருக்குத் தெரியும்?

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள், ஒரு நிமிஷம் கொடுங்கள். சில வருஷம் கழித்துப் பாட்டி போய்விட்டாள். திருநெல்வேலியிலிருந்து சொந்தம் ரயிலேறினால் வந்து சேர ஒன்றரை நாள் ஆகும். எடுக்கிற நேரத்தில் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போட அண்ணன் தம்பி யாரும் இல்லை. அம்மா வாசலைப் பார்த்தே அழுகிறாள். என்ன விஷயம் என்று காக்கு யாரிடமோ கேட்டாள். அன்றைக்கும் கேட்டாள். ஏணி ஏறிப் போனாள். மகன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்து, அவள் ஒருநாளும் உடுத்தாமல் வைத்திருந்த பச்சைச் சேலையோடு இறங்கி வந்தாள். எங்கள் பாட்டி அந்தக் கோடியோடுதான் போனாள்.

சர்க்கரைக்கு வந்தவள் சம்பளம் கேட்டாள் என்று கணக்குச் சொன்னீர்களே அண்ணே, அந்தச் சேலையை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

நன்றி, வணக்கம்.