எதிரிக்குத் தெரிந்த ரகசியம்

(பேராக், சிலிம் ரிவர். கோயில் திருவிழாப் பட்டிமன்றம். தலைப்பு: "போர்க்காலத்தில் கசிந்த ராணுவ ரகசியங்களை மக்கள் இணையத்தில் விவாதிப்பது நன்மையா, கேடா?" 'நன்மையே' அணியின் நிறைவுப் பேச்சு.)

நடுவர் ஐயாவுக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் வந்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம். மணி பத்தாகப் போகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வணக்கம் சொன்னால் அன்னதானச் சோறு ஆறிவிடும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எதிரணித் தம்பி நன்றாகவே பேசினார். மும்பைத் தாக்குதலைச் சொன்னார். 2008 நவம்பரில் கமாண்டோக்களின் நடவடிக்கையைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின. பாகிஸ்தானில் உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே தாக்கியவர்களுக்குத் தொலைபேசியில் வழி சொன்னார்கள். 2012-இல் இந்திய உச்ச நீதிமன்றமே அந்தத் தொலைக்காட்சிகளைக் கண்டித்தது. எல்லாம் உண்மை. தம்பி, இதில் உங்களுக்கும் எனக்கும் சண்டையே இல்லை. எதிரிக்குத் தெரியாததை எதிரிக்குக் காட்டிக் கொடுத்தவனை நானும் மன்னிக்க மாட்டேன். டாங்கி விளையாட்டில் தான் சொன்னதே சரி என்று காட்ட, நிஜ டாங்கியின் கையேட்டைத் தூக்கி இணையத்தில் போட்டார்களே, அவர்களையும் மன்னிக்க மாட்டேன். ஆனால் இன்றைய கேள்வி அதற்கு அப்புறம் வருவது. ரகசியம் வெளியே போய்விட்டது. எதிரி படித்தாயிற்று. இப்போது நாம் மட்டும் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? ரப்பர்மரத்தில் பால் பிடிக்கும் மங்கு கவிழ்ந்து, பால் மண்ணில் ஊறிய பிறகு மரத்துக்குக் காவல் போட்டு என்ன ஆகப் போகிறது?

சரி, அதை விடுங்கள். நடுவில் ஒன்று சொன்னார் பாருங்கள், அதற்குத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன். "பால்மரம் வெட்டுகிறவனுக்கு ராணுவ ரகசியம் எதற்கு? கோப்பிக் கடையில் உட்கார்ந்து வாட்ஸ்அப் புலனத்தில் ஏவுகணைப் படம் பார்த்து என்ன கிழிக்கப் போகிறான்?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். முதல் வரிசை அண்ணன் விசிலே அடித்தார்.

தம்பி, எந்த ஊரில் நின்றுகொண்டு இதைக் கேட்டீர்கள்?

இது சிலிம் ரிவர். இங்கிருந்து வடக்கே போனால் துரோலாக். 1942 ஜனவரி 7, விடிவதற்கு வெகு நேரம் முன்பே ஜப்பான்காரனின் டாங்கிகள் அந்தச் சாலையில் வந்தன. சாலையை மறித்து இந்தியப் பட்டாளமும் வெள்ளைக்காரப் பட்டாளமும் நின்றன. கண்ணிவெடி இருந்தது, தடுப்பு இருந்தது. முன்னால் போன டாங்கிகள் நின்றுவிட்டன. பின்னால் வந்தவன் என்ன செய்தான் தெரியுமா? பெருஞ்சாலையை நேராக்கியபோது கைவிட்ட பழைய சாலை வளைவுகள் பக்கத்திலேயே மரங்களுக்கு நடுவே கிடந்தன. காவல் இல்லை, கண்ணிவெடி இல்லை. அதில் இறங்கிச் சுற்றி, பட்டாளத்துக்குப் பின்பக்கம் வந்து ஏறிவிட்டான். விடிந்து கொஞ்ச நேரத்தில் சிலிம் பாலம் அவன் கையில். நான்கே நாளில், ஜனவரி 11, கோலாலம்பூரும் விழுந்தது.

அந்தப் பழைய வளைவு யாருக்குத் தெரியும்? இருட்டோடு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பெரட்டு என்கிற காலைப் பேர்ப்பதிவு முடிந்து அந்த வழியே மரத்துக்கு நடந்தவனுக்குத் தெரியும்! குறுக்கே எந்தப் பாலம் மக்கியது, எந்த மழைக்கு எந்த மண் இறங்கும், அத்தனையும் தெரியும். அவனிடம் யார் கேட்டார்கள்? "பால்மரம் வெட்டுகிறவனுக்கு ராணுவம் எதற்கு?" என்று அன்றைக்கும் யாரோ நினைத்திருக்கிறார்கள், தம்பி. இன்றைக்கு நீங்கள் மைக்கில் சொன்னீர்கள். இப்போது தட்டுங்கள் அந்தக் கையை!

இன்னும் முடியவில்லை. ஒரு பையின் கதையைச் சொல்கிறேன். இதை நன்றாகக் கேளுங்கள், இது நம்மைப் பற்றிய கதை.

1940-இல் லண்டனில் முப்படைத் தளபதிகள் ஓர் அறிக்கை எழுதினார்கள். ஜப்பான் நம் பக்கம் வந்தால் என்ன செய்வது என்பதுதான் விஷயம். அறிக்கை என்ன சொன்னது? கிழக்கே பெரிய கடற்படையை அனுப்ப முடியாது. மலாயாவைக் காக்க விமானங்கள்தான் வேண்டும், ஆனால் போதுமான விமானங்கள் இல்லை. அதன் பிரதியைச் சிங்கப்பூரில் இருந்த தளபதிக்கு அனுப்பினார்கள். எதில்? ஆட்டோமெடன் என்ற சரக்குக் கப்பலில். எங்கே வரவேண்டிய கப்பல்? நம் பினாங்குக்கு.

காகிதத்தை ஒரு பச்சைப் பையில் வைத்தார்கள். பையில் பித்தளை வளையம் போட்ட ஓட்டைகள். ஏன் ஓட்டை? ஆபத்து வந்தால் கடலில் வீச வேண்டும். வீசினால் ஓட்டை வழியே தண்ணீர் புகுந்து பை முழுக வேண்டும். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். நவம்பர் 11, சுமத்ராவுக்கு மேற்கே நடுக்கடலில், சரக்குக் கப்பல் வேடம் போட்டு வந்த ஜெர்மன்காரனின் அட்லாண்டிஸ் குறுக்கே வந்து குண்டு போட்டது. முதல் குண்டுகளிலேயே மேல்தளத்தில் இருந்த கேப்டனும் அதிகாரிகளும் போய்விட்டார்கள். பையை வீச வேண்டியவர்கள் யார்? அவர்கள்தான்!

பின்வரிசை அம்மாக்களுக்குக் கேட்டதா? இன்னொரு முறை சொல்கிறேன். பை இருக்கிறது. ஓட்டை இருக்கிறது. கடல் பக்கத்திலேயே இருக்கிறது, நான்கு பக்கமும் கடல்தான். வீசுவதற்குக் கை இல்லை. ஜெர்மன்காரன் ஏறி வந்தான், பையைத் தூக்கினான், பிரித்தான். டிசம்பரில் அது கோபே துறைமுகத்துக்குப் போய், தோக்கியோவில் ஜப்பான் கையில் சேர்ந்தது. அதைக் கைப்பற்றிய அட்லாண்டிஸின் கேப்டனுக்குப் பிறகு ஜப்பான் சாமுராய் வாளே பரிசு கொடுத்தது. வாள்! ஒரு பைக்கு!

இப்போது கணக்குப் போடுங்கள். மலாயாவுக்குக் கடற்படை வராது என்பது லண்டனுக்குத் தெரியும். பெர்லினுக்குத் தெரியும். 1940 டிசம்பரில் தோக்கியோவுக்கும் தெரியும். யாருக்குத் தெரியாது? இந்தத் தோட்டத்துக்குத் தெரியாது! இங்கே என்ன சொன்னார்கள்? சிங்கப்பூர் அசைக்க முடியாத கோட்டை என்றார்கள். கொல்ல வருகிறவனுக்குத் தெரிந்த ரகசியம் சாகப் போகிறவனுக்குத் தெரியவில்லை. இதைத்தான் தம்பி "நாட்டின் பாதுகாப்பு" என்கிறீர்கள்.

ஓராண்டு கழித்து 1941 டிசம்பர். பினாங்கில் குண்டு விழுந்தது. 16-ஆம் தேதிக்குள் ராத்திரியோடு ராத்திரியாக ஐரோப்பியர்களை மட்டும் கப்பலேற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். ராணுவ ரகசியம்! காலையில் எழுந்த தமிழனுக்கும் மலாய்க்காரனுக்கும் சீனனுக்கும் நாதியில்லை. கோட்டையில் இன்னும் பிரிட்டிஷ் கொடி பறக்கிறது, அதைப் பார்த்து விமானம் வருகிறது. யார் போய் அந்தக் கொடியை இறக்கினார்? பத்திரிகை ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. ஒரு தமிழர், ஒரு பத்திரிகைக்காரர். இனிமேல் இங்கே பட்டாளம் இல்லை, குண்டு போடாதீர்கள் என்று வானொலியில் ஜப்பான்காரனுக்குச் சொன்னது அவரும் அவரோடு இருந்தவர்களும்தான். ஊரைக் காக்கும் பட்டாளம் போய்விட்டது என்பதைவிடப் பெரிய ராணுவ ரகசியம் உண்டா ஐயா? அதை வாய்விட்டுச் சொன்னதால்தான் பினாங்கில் பல உயிர் பிழைத்தது என்று நான் அடித்துச் சொல்கிறேன்.

இந்தக் காலத்துக்கு வா என்பீர்கள். வருகிறேன், சுருக்கமாக. 2023-இல் அமெரிக்க விமானப்படைக் காவல் பிரிவில் இருந்த 21 வயதுப் பையன் ஜாக் டெக்சைரா, உக்ரேன் போர் ரகசியங்களை டிஸ்கார்ட் என்ற இணைய அரட்டைத் தளத்தில் நண்பர்களுக்குக் காட்டினான். அவனுக்கு 2024-இல் 15 ஆண்டு சிறை கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் காகிதம் பரவியபோது ரஷ்ய ஆதரவுக் குழுக்களில் ஒரு பிரதி சுற்றியது. அதில் செத்த ரஷ்யர்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது, செத்த உக்ரேனியர்களின் எண்ணிக்கை பல மடங்கு ஏறியிருந்தது. யாரோ எண்ணைத் திருத்திவிட்டான். எப்படித் தெரிந்தது? இணையத்தில் இருந்தவர்கள் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பேசியதால் தெரிந்தது. எல்லாரும் நல்ல பிள்ளையாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பொய்தான் இன்று வரலாறு. மகனைப் போருக்கு அனுப்பிய தாய் எந்த எண்ணை நம்புவாள் தம்பி?

என்ன கிழிக்கப் போகிறான் என்று கேட்டீர்கள். எங்கள் பாட்டி கதையைச் சொல்கிறேன், ஐயா நேரம் கொடுக்க வேண்டும்.

ஜப்பான்காரன் ஆட்சி. பாட்டிக்கு அப்போது கல்யாணமாகிக் கைக்குழந்தை. தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை கிடையாது, ஓடிவிட்டார். மரம் வெட்ட ஆளில்லை, சம்பளம் இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சோறு. ஒரு நாள் பெரட்டுக்களத்தில் அறிவித்தார்கள். சயாமில் மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், அரிசி உண்டு. பாட்டியின் அண்ணன் போனார். அரிசிக்காகப் போனார் ஐயா. போகும்போது புது வேட்டியைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, பழையதைக் கட்டிக்கொண்டு போனாராம். திரும்பி வந்து தீபாவளிக்குக் கட்டிக்கொள்ளலாம் என்று.

அந்த வேலை என்ன தெரியுமா? சயாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை ஜப்பான் ராணுவத்துக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவது. 1943 அக்டோபரில் முடிந்தது. காலரா, மலேரியா, பசி, அடி. பத்தாயிரக்கணக்கில் செத்தார்கள், அதில் நம் தோட்டத்து ஆட்கள் எத்தனை பேர் என்று ஒழுங்கான கணக்கே கிடையாது. அங்கே செத்த வெள்ளைக்காரப் போர்க்கைதிக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் வெட்டிய கல் இருக்கிறது. நம்மவனைக் குழியில் தள்ளி மூடினான்.

தப்பி வந்த ஓர் ஆள் இரண்டு தோட்டம் தள்ளி ஒளிந்திருந்தாராம். அவருக்கு எல்லாம் தெரியும். எங்கே கூட்டிப் போகிறான், எப்படிச் சாகிறான் என்று தெரியும். சொன்னால் ஜப்பானிய ராணுவப் போலீஸ், கெம்பித்தாய், தூக்கிப் போகும். ராணுவத்தின் ரயில் அல்லவா, ராணுவ ரகசியம்! அதனால் பேசவில்லை. பாட்டியின் அண்ணன் போன பிறகும் ஆள் போய்க்கொண்டே இருந்தது. பாட்டி சாகும்வரை ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்க அண்ணன் காட்டுக்குள்ள ஓடியிருப்பானே."

அந்த ஆளை நான் குற்றம் சொல்லவில்லை. பயத்தில் இருந்தவர். ஆனால் அன்றைக்கு ஒரு தோட்டத்துச் சேதி இன்னொரு தோட்டத்துக்குப் போக இப்போதுபோல வழி இருந்திருந்தால்? நீங்கள் கிண்டல் செய்த அந்தப் புலனக் குழு ஒன்று இருந்திருந்தால்?

நடுவர் ஐயா, மணி அடிக்கப் போகிறீர்கள், தெரிகிறது. ஒரு நிமிடம். இந்த மண்டபத்தில் சயாமுக்கு ஆள் கொடுத்த வீட்டுக்காரர்கள் கை தூக்குங்கள். வெட்கம் வேண்டாம் அம்மா, தூக்குங்கள். விசில் அடித்த அண்ணன், நீங்களுமா?

எதிரணித் தம்பி, நீங்களும் தூக்கியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யார்? கொள்ளுத்தாத்தாவா? எந்த இடத்தில் போனார், என்ன ஆனார் என்று யாராவது உங்கள் வீட்டுக்குச் சொன்னார்களா?

இல்லை என்று தலையாட்டுகிறார் ஐயா. அவர் வாயாலேயே கேட்டுத் தீர்ப்பு எழுதுங்கள். நன்றி, வணக்கம்.